செத்துப்போன ஸ்க்ரோலிங் போர்டுக்கு ஈஎஸ்பி32 போட்டு நாலு மாசம் ஆச்சு, என் அனுபவம்

கோத்தகிரி பக்கம் எங்க மாமா பச்சைத் தேயிலை வாங்குற ஷெட் வச்சிருக்கார், அங்க வாசல்ல ஒரு சிவப்பு எல்இடி போர்டு, மூணு பி10 பேனல் (புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள எல்இடி பலகை) வரிசையா இருக்கும், ரெண்டு வருஷமா எரியவே இல்ல. போர்டு போட்டுக்குடுத்தவங்கள கேட்டா முழு போர்டையும் மாத்தணும்னுட்டாங்க. கழட்டிப் பாத்தா பேனல் மூணும் நல்லா இருக்கு, உள்ள இருந்த கன்ட்ரோல் கார்டு மட்டும்தான் அவுட். அதுக்காக ஒண்ணரை ஆயிரம் எல்இடிய குப்பையில போட எனக்கு மனசு வரல.

கோயம்புத்தூர் போனப்ப அந்த கார்டுக்குப் பதிலா ஈஎஸ்பி32-ங்கிற குட்டி கன்ட்ரோலர் போர்டு ஒண்ணு வாங்கினேன், நானூறு ரூபா சொச்சம். முதல்ல கைல இருந்த ஆர்டுயினோ ஊனோங்கிற வேற கன்ட்ரோலர் போர்டுலதான் ஓட்டிப் பாத்தேன், இங்கிலீஷ் எழுத்துன்னா அதுவே தாராளமா போதும், பி10 பேனல ஓட்டுற டிஎம்டி லைப்ரரி (ரெடிமேட் கோடு) போட்டா பத்து நிமிஷத்துல ஓடும். ஆனா தினமும் விலை மாத்தணும்னா லேப்டாப்ப தூக்கிட்டு ஏணி ஏறணுமே, அதனாலதான் வைஃபை உள்ளயே இருக்குற ஈஎஸ்பி32.

தமிழ்தான் பெரிய வேலை வச்சுது. எழுத்து எழுத்தா ஃபான்ட் செஞ்சு போட்டேன், "கொழுந்து"ன்னு அடிச்சா ஒற்றைக்கொம்பு க-வுக்குப் பின்னாடி போய் நிக்குது, ழு-வும் து-வும் உகரம் தனியா தொங்குது. மாமா பாத்துட்டு "என்ன மாப்ள, எழுத்து உடைஞ்சு வருதே"ன்னார். அப்புறம்தான் வழிய மாத்தினேன்: ஈஎஸ்பி32-வே ஒரு வைஃபை குடுக்கும், போன்ல அதுல சேர்ந்து ஈஎஸ்பி32 காட்டுற வெப் பக்கத்த திறந்து தமிழ்ல டைப் பண்ணா போன் பிரவுசரே அத 16 புள்ளி உயரத்துக்குப் படமா வரைஞ்சு புள்ளிகள மட்டும் அனுப்பும். எழுத்து சேர்க்குற வேலைய போன் பாத்துக்குது, ஈஎஸ்பி32 வெறும் படத்த நகர்த்துது, அவ்ளோதான். இன்டர்நெட் வேண்டாம், எங்க ஊர் சிக்னலுக்கு இதுதான் சரி. 16 புள்ளிக்குள்ள கூ, ணீ எல்லாம் கொஞ்சம் நெருக்கமாத்தான் வரும், தடிச்ச ஃபான்ட் வேண்டாம், மெல்லிசா போடுங்க.

இந்த ஈஎஸ்பி32 போர்டுல எனக்கு ரெண்டு குறை. ஒண்ணு, இது 3.3 வோல்ட் சிக்னல், பி10 பேனல் 5 வோல்ட். சில பேனல் அப்படியே எடுத்துக்கும், என்னோடதுல மூணாவது பேனல்ல கண்டபடி புள்ளி மின்னிச்சு, கேபிள மாத்தி மாத்தி ரெண்டு நாள் போச்சு. நடுவுல 3.3 வோல்ட் சிக்னல 5 வோல்ட்டா ஏத்துற லெவல் ஷிஃப்டரா ஒரு 74எச்சிடி245 ஐசி போட்டதும் நின்னுபோச்சு. வாங்கும்போது எச்சிடி-ன்னு அழுத்திக் கேளுங்க, 'டி' இல்லாத 74எச்சி245 குடுத்தா பிரச்சனை அப்படியே இருக்கும். ரெண்டு, மெசேஜ சேவ் பண்ற நேரத்துல பேனல் ஸ்கேன் (வரிசைகள மாத்தி மாத்தி எரியவைக்கிற வேலை) ஒரு கணம் நின்னுடும், நாலுல ஒரு வரிசை மட்டும் பளிச்சுனு அடிக்கும். சேவுக்கு முன்னாடி ஓஇ பின்ன (பேனல் வெளிச்சத்த ஆன், ஆஃப் பண்ற பின்) ஆஃப் பண்ணிட்டா தெரியாது. அதே ஓஇ பின்னுலதான் ராத்திரி வெளிச்சத்தையும் குறைக்கிறேன், மூடுபனி இறங்கினா முழு வெளிச்சம்.

பவருக்கு பழைய எஸ்எம்பிஎஸ் (கரண்ட 5 வோல்ட்டா மாத்துற பவர் சப்ளை பெட்டி) 5 வோல்ட் 40 ஆம்பியரே போதும், ஆனா ஒவ்வொரு பேனலுக்கும் தனி வயர் இழுங்க, கிரவுண்ட் எல்லாம் ஒண்ணா சேரணும். போன் சார்ஜர்ல பேனல ஓட்டப் பாக்காதீங்க. மணி காட்ட டிஎஸ்3231 கடிகார மாட்யூல் போட்டேன், டிஎஸ்1307 மலிவுதான், ஆனா அது குளிருக்கும் வெயிலுக்கும் நேரம் தள்ளிப்போகும், மார்கழி தை குளிர்ல நமக்கு ஆகாது. டிஎஸ்3231 சூட்ட பாத்து தன்ன திருத்திக்கும். பொட்டிக்குப் பின்னாடி ஓட்டை எல்லாத்தையும் சிலிக்கோன் பசை வச்சு அடைச்சிட்டேன், கீழ மட்டும் தண்ணி வடிய சின்ன துளை.

பத்துக்கு எட்டு குடுப்பேன், அந்த லெவல் ஷிஃப்டர் ஐசி ஈஎஸ்பி32 போர்டுலயே வந்திருந்தா ஒன்பது. டீ போர்டு மாச விலை அறிவிச்ச அன்னிக்கே இப்ப வாசல்ல ஓடுது, நான் ஊர்ல இல்லன்னாலும் மாமாவே போன்ல அடிச்சுக்கிறார். நேத்து போட்டோ அனுப்பினார், "நாளை மழை இருந்தா வண்டி 11 மணிக்கு மேல்"னு ஓடிட்டிருக்கு, கொம்பு எல்லாம் அதது இடத்துல.