பம்பருக்குக் கவர் இருக்கிறது, ஓட்டுபவருக்கு?

2019-ல் புதிதாக வாங்கிய ஹேட்ச்பேக் இன்னும் என்னிடம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இடையில் இன்சூரன்ஸ் கம்பெனியை மாற்றியும் பார்த்தாகிவிட்டது. எந்தக் கம்பெனி நல்லது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அடிப்படைப் பாலிசியின் வாசகம் எல்லாரிடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது, அவற்றை எப்படி அடைத்தேன் என்பதைத்தான் பகிர்கிறேன்.

முதலில் தேதி. 2018 செப்டம்பர் முதல் புது கார் வாங்குவோர் மூன்று வருடத்துக்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) எடுத்தாக வேண்டும். ஆனால் நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போடப்படும். அதனால் ஒரே தாளில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். சொந்தக்காரர் ஒருவர் மூன்று வருடத் தேதியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தார். இரண்டாம் வருடம் வண்டியைச் சுவரில் உரசியபோது ஒரு ரூபாய் கூட வரவில்லை. அது மட்டுமல்ல, ஓன் டேமேஜ் முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு அது ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி. லேசான விஷயமில்லை.

அடுத்து, எல்லாரும் பேசும் தேய்மானம். மூன்றாம் வருடம் முடிவதற்குள் ஒரு முறை முன்பக்கம் இடிபட்டு நான் கிளெய்ம் போட்டேன். சர்வீஸ் சென்டர் மதிப்பீட்டை வரி வரியாகப் பார்த்தால்தான் கணக்கு புரியும். பம்பர், கிரில் போன்ற பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். 8,000 ரூபாய் பம்பருக்கு 4,000. பானெட் உலோகம் என்பதால் வண்டியின் வயதுப்படி கழிப்பார்கள். இரண்டு முதல் மூன்று வயது வரை 15 சதவீதம், ஐந்து வயது தாண்டினால் 40. கண்ணாடிக்குக் கழிவே கிடையாது. பெயிண்ட் செலவிலும் ஒரு பங்கு கழியும். கடைசியாக, 1,500 சிசி வரையான காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் 1,000 ரூபாய் கட்டாயமாக நம் கையிலிருந்து. ‘பம்பர் டு பம்பர்’ என்று ஏஜென்ட்டுகள் சொல்லும் ஜீரோ டெப்ரிசியேஷன் இந்தத் தேய்மானக் கழிவை மட்டும்தான் அடைக்கும். அந்த 1,000 ரூபாயும், கிளிப், நட்டு, ஆயில், கூலன்ட் வகையறாவும் அதில் சேராது. அவற்றில் பின்னதற்கு ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்று தனி ஆட்-ஆன் (கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் கவர்) வேண்டும். ஜீரோ டெப்ரிசியேஷனில் வருடத்துக்கு இத்தனை கிளெய்ம்தான் என்ற வரம்பும் பெரும்பாலும் இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் பணம் சம்பந்தப்பட்டது. கடன் வாங்கியாவது சமாளித்துவிடலாம். எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது வேறொரு வரி.

பாலிசியில் ‘ஓனர்-டிரைவர்’ தனிநபர் விபத்துக் காப்பீடு, 15 லட்சம் என்று ஒரு வரி இருக்கும். குடும்பத்துக்கே பாதுகாப்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆர்சி புத்தகத்தில் பெயர் உள்ள, செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் உரிமையாளருக்கு மட்டும். எங்கள் வீட்டில் வண்டி என் பெயரில். வாரத்தில் பாதி நாள் ஓட்டுவது என் மனைவி. அவர் ஓட்டும்போது வேறு வண்டியின் தவறு எதுவும் இல்லாமல் விபத்து நடந்து அவருக்கு ஏதாவது ஆனால், இந்த 15 லட்சத்தில் அவருக்குப் பங்கில்லை. வண்டியின் ஒவ்வொரு கிளிப்புக்கும் கவர் வாங்கிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரை விட்டுவிடுகிறோம். புதுப்பிக்கும் சமயத்தில் போன் செய்யும் ஏஜென்ட்டுகள் யாரும் இதைத் தானாக எடுத்துச் சொன்னதில்லை. “சார், பம்பர் டு பம்பர் போட்டுடலாமா?” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வண்டியில் இருப்போருக்குப் பெயர் குறிப்பிடாத விபத்துக் கவர் சேர்க்கலாம். பிரீமியம் சில நூறு ரூபாய்தான், ஆனால் வழக்கமாக ஆளுக்கு 2 லட்சத்தோடு நின்றுவிடும். ஒரு குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு? அதனால் மனைவிக்குத் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுத்தேன். கார், பஸ், நடந்து போவது எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். பொது வாசகத்தோடு ‘சரல் சுரக்ஷா பீமா’ என்ற பாலிசியை 2021-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்தது, 2.5 லட்சத்திலிருந்து 1 கோடி வரை எடுக்கலாம். எனக்கும் அப்படி ஒன்று இருந்தால், குறைந்தது 15 லட்சத்துக்கு, கார் பாலிசியில் ஓனர்-டிரைவர் கவரை மறுபடி வாங்க வேண்டியதில்லை.

அப்பா அம்மாவை ஊருக்கு அழைத்துப்போக ஆக்டிங் டிரைவர் வைப்பவர்கள், சம்பள டிரைவருக்கு ஏதாவது ஆனால் உரிமையாளராக நாம் தர வேண்டியதை ஏற்கும் சட்டப் பொறுப்புக் கவர் பாலிசியில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிரீமியத்தில் அது வெறும் ஐம்பது ரூபாய் சமாச்சாரம். பயணிகள் விஷயத்தில் இன்னொன்று: வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தால், நம் காரில் சும்மா ஏறி வருபவர்களுக்கு இழப்பீடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை, ஓன் டேமேஜும் சேர்ந்த முழுப் பாலிசியில்தான் உண்டு. வண்டி பழசாகிவிட்டது, தேர்ட் பார்ட்டி போதும் என்று முடிவெடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

தேர்ட் பார்ட்டிப் பகுதியிலேயே ஒரு சின்ன வலை உண்டு. அடுத்தவர் சொத்துக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை கவர். பிரீமியத்தில் சொற்பத் தள்ளுபடிக்காக அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அதைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

மழைக்காலத்துக்கு எஞ்ஜின் புரொடெக்ட் வாங்கியிருக்கிறேன். தேங்கிய தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யப் போய் எஞ்ஜின் கெட்டால், அதை ‘விளைவாக வந்த சேதம்’ என்று அடிப்படைப் பாலிசி ஒதுக்கிவிடும். ஆட்-ஆன் இருந்தாலும் சாவியைத் திருகாமல் டோ செய்யச் சொல்வதே சரி. கேஸ் கிட் பொருத்தினால் ஆர்சியிலும் பாலிசியிலும் ஏற்ற வேண்டும். ஒயிட் போர்டு வண்டியை வாடகைக்கு விட்டால் ஓன் டேமேஜ் கிளெய்ம் நிராகரிக்கப்படும்.

ஐடிவி, அதாவது வண்டியின் மதிப்பாகப் பாலிசியில் குறிக்கும் தொகை, பற்றி ஒரு வார்த்தை. பிரீமியம் குறைய அதைக் குறைத்துப் போடுகிறார்கள். திருட்டு போனாலோ, ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டி முழு இழப்பு ஆனாலோ, கைக்கு வருவது அந்தத் தொகையை ஒட்டித்தான். கார் லோன் பாக்கி அதைவிட அதிகமாக இருந்தால் மீதியைக் கட்டுவது நாம்தான். லோன் இருந்த ஆரம்ப வருடங்களில், அப்படி நேர்ந்தால் வாங்கிய பில் விலையைத் தரும் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ ஆட்-ஆனைச் சேர்த்திருந்தேன், லோன் முடிந்ததும் விட்டுவிட்டேன்.

இப்போது வண்டிக்கு ஐந்து வயது தாண்டிவிட்டது. ஜீரோ டெப்ரிசியேஷனைச் சில கம்பெனிகள் இந்த வயதில் தருவதில்லை, தருபவர்களும் கூடுதலாகக் கேட்கிறார்கள். போன புதுப்பித்தலில் அதை எடுக்கவில்லை. அதற்குப் போயிருக்கும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து மனைவியின் விபத்து பாலிசித் தொகையைக் கூட்டிவிட்டேன்.