ஹாலோவீன் ரீத் கிட் விளம்பரம்: வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கட்டாயம் படியுங்கள்

கறுப்பு ரோஜா, கருஞ்சிவப்பு டாலியா, நடுவே ஒரு மண்டையோடு. வாசல் கதவில் மாட்டும் ரீத்தை (பூ வளையம்) நீங்களே செய்துகொள்ளலாம் என்று ஒரு கிட் விளம்பரம் இந்த சீசனில் அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்கள் பலருக்கும் வந்துகொண்டிருக்கிறது. "சின்னக் குடும்பத் தொழில், கடையை மூடுகிறோம், கடைசி ஸ்டாக்" என்று உருக்கமாக எழுதியிருப்பார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். 64 டாலர் கொடுத்து நான் வாங்கினேன். பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

படத்தில் காட்டியது 18 அங்குலக் கொடி வளையம், நிஜமான உலர்பூக்கள், யூகலிப்டஸ் இலை, பாசி, ஆரஞ்சு நிற விளக்குச் சரம். சொன்ன தேதி போய் வெகுநாள் கழித்து வந்ததோ கையகலப் பெட்டி. உள்ளே மெல்லிய தெர்மாகோல் வளையம். அளந்தால் 10 அங்குலம்கூட இல்லை. பூக்கள் எல்லாம் பிளாஸ்டிக், மேலே கறுப்புப் பெயின்ட் அடித்தது. தொட்ட விரலெல்லாம் கரி. நியூ ஜெர்சியில் அக்டோபர் மழை எப்படி என்று தெரியும். ஒரு மழைக்கே எங்கள் வெள்ளைக் கதவில் கறுப்புக் கோடுகள் இறங்கிவிட்டன.

கூட வந்த செய்முறைத் தாளில் ஹாட் க்ளூ கன்னால் (பசையை உருக்கி ஒட்டும் கருவி) பூக்களை ஒட்டச் சொல்லியிருந்தார்கள். தெர்மாகோல் சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே இளகும். ஹை-டெம்ப் க்ளூ கன்னின் பசை 190 டிகிரி வாக்கில் வெளியே வரும். பசை பட்ட இடமெல்லாம் குழி விழுந்து, பூ உள்ளே சாய்ந்தது. பெரியவள் பள்ளி விட்டு வந்து ஆசையாக உட்கார்ந்தவள், முகம் வாடிப்போய் எழுந்துவிட்டாள். சாதாரண ஸ்ப்ரே பெயின்ட்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். இந்த வேலை தெரிந்த யாரும் இப்படி ஒரு கிட் தயாரித்திருக்க மாட்டார்கள்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். விளக்குச் சரத்தோடு ஒரு குட்டி ரிமோட் வந்தது. அதற்குள் சிஆர்2032 பட்டன் பேட்டரி. 20 மில்லிமீட்டர் அகலம், பளபளவென்று புதுக் காசு மாதிரி இருக்கும். மூடியில் ஸ்க்ரூ கிடையாது, நகத்தால் தள்ளினாலே திறக்கிறது. ரிமோட் மேசையிலிருந்து விழுந்து மூடி தனியாக, பேட்டரி தனியாக உருண்டது. நான் குனிவதற்குள் சின்னவன் அதை எடுத்துக் கையில் வைத்திருந்தான். அவனுக்கு ஒன்றரை வயது. வாய்க்குப் போகுமுன் பிடுங்கிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இந்த பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரத்தன்மை உண்டாகும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதை வெந்து புண்ணாகிவிடும். விளக்கை எரிய வைக்கச் சக்தியில்லாத பழைய பேட்டரியும் இதைச் செய்யும். டெக்சஸில் 18 மாதக் குழந்தை ஒன்று ரிமோட்டின் பட்டன் பேட்டரியை விழுங்கி 2020இல் இறந்துபோனது. அந்தக் குழந்தையின் பெயரால்தான் 2022இல் ரீஸ் சட்டம் வந்தது. பேட்டரி மூடி ஸ்க்ரூடிரைவர் போன்ற கருவியாலோ, ஒரே நேரத்தில் இரண்டு விதமாக அழுத்தித் திருப்பினாலோ மட்டுமே திறக்க வேண்டும். பெட்டியில் எச்சரிக்கை இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் இரண்டுமே இல்லை.

குழந்தை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாய்ஸன் கன்ட்ரோல் (விஷ ஆபத்துக்கான உதவி மையம்) எண் 1-800-222-1222, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

விற்றவர்களுக்கு பேட்டரி மூடியின் படத்தோடு எழுதினேன். பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை பதில் இல்லை. "15 சதவீதம் திருப்பித் தருகிறோம், பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். மறுத்ததும் 30 சதவீதம். முழுப்பணம் வேண்டுமென்றால் சீனாவுக்கு என் செலவில் திருப்பி அனுப்ப வேண்டுமாம். இணையதளத்தில் போட்டிருந்ததோ அமெரிக்க முகவரி! குழந்தைக்கு ஆபத்து என்று எழுதியவரிடம் பேரம் பேசுகிற மனசு எப்படி வருகிறது?

கிரெடிட் கார்டில் வாங்கியதால் பணம் திரும்பி வந்தது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வளையத்தின் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படம், அவர்கள் அனுப்பிய மெயில்கள் எல்லாவற்றையும் சேர்த்து, இந்தச் செலவை ஏற்க முடியாது என்று கார்டு நிறுவனத்திடம் டிஸ்ப்யூட் போட்டேன். அந்தச் செலவு வந்த முதல் பில்லை அனுப்பியதிலிருந்து 60 நாளுக்குள் உங்கள் கடிதம் கார்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதுவும் எழுத்தில். விற்றவன் "இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்" என்று இழுத்தடிப்பது இந்தக் கெடுவைத் தாண்ட வைக்கத்தான். ரிமோட் பற்றி, ஆபத்தான பொருட்கள் மீது புகார் கொடுக்கும் அமெரிக்க அரசின் சேஃபர்பிராடக்ட்ஸ் டாட் கவ் (SaferProducts.gov) தளத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன்.

ரீத் செய்ய ஆசை இருந்தால் கைவினைக் கடையில் கொடி வளையத்தை நேரில் பார்த்து வாங்குங்கள். சிவப்பு ரோஜாக்களை இருட்டான அறையில் இரண்டு மூன்று வாரம் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் தானாகவே கருஞ்சிவப்பாகக் காய்ந்துவிடும். அதைப் பூக்கம்பியால் கட்டினாலே போதும், க்ளூ கன்னே வேண்டாம். வேலியோரம் ஆரஞ்சுக் காய் காய்க்கும் பிட்டர்ஸ்வீட் கொடியை மட்டும் அழகாக இருக்கிறதே என்று சேர்க்காதீர்கள். அந்தக் காய் விஷம், சின்னக் குழந்தை கைக்கு எட்டும்.

இதே கிட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ரிமோட்டில் இருக்கும் பேட்டரியை இன்றே கழற்றி டேப் சுற்றி அப்புறப்படுத்துங்கள். டிஸ்ப்யூட் கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் கேளுங்கள், நான் எழுதியதை அனுப்புகிறேன்.