பதினைந்து மாதம் நகராத ஆர்.வி.: கடலோரத்தில் ஊரடங்கைக் கழித்த அனுபவம்

இரண்டு இரவு தங்கிவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் எங்கள் ஆர்.வி.யை, அதாவது படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியை, கடலோர முகாம் மைதானத்தில் நிறுத்தினோம். அது 2020 மார்ச் மாதம். 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில நாட்களில் சாலைகள் அடங்கின, மைதானத்தின் வாசலும் மூடப்பட்டது. வாடகை வீட்டை முந்தைய ஆண்டே காலி செய்திருந்தோம், திரும்பிப் போக வேறு வீடு இல்லை. அப்படிப்பட்டவர்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துகொள்ளலாம் என்றார்கள். ஆனால் பொதுக் குளியலறை, கழிவறை, துணி துவைக்கும் அறை எல்லாவற்றுக்கும் பூட்டு. வண்டி அடுத்தபடியாகச் சாலையில் இறங்கியது பதினைந்து மாதம் கழித்துத்தான்.

அந்தப் பதினைந்து மாதத்தில் எனக்கு அழுத்தமாகப் புரிந்தது ஒன்றுதான். ஆர்.வி. என்பது நகர்வதை நம்பிக் கட்டப்பட்ட பொருள். ஓடினால் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் பேட்டரியை நிரப்பும், காற்றோட்டம் ஈரத்தை விரட்டும், பிரேக் தன் துருவைத் தானே தேய்த்துக்கொள்ளும், போகிற இடத்தில் தண்ணீர் பிடித்துக் கழிவை இறக்கலாம். நிறுத்திவிட்டால் இத்தனை வேலையும் நம் கைக்கு வந்துவிடுகிறது. பக்கத்தில் கடலும் இருந்தால் இரட்டிப்பு வேலை.

எங்களுடையது ஆறரை மீட்டர் நீள டீசல் வண்டி. மனைவியும் நானும் மட்டும். நல்ல தண்ணீர் டேங்க் 100 லிட்டர், கழிவுநீருக்கு 90, கழற்றி எடுக்கும் கழிவறைத் தொட்டி 18 லிட்டர், கூரையில் 200 வாட் சோலார், 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி ஒன்று, கேஸ் சிலிண்டர் இரண்டு. கடலைப் பார்த்த வரிசையில் மின் இணைப்பு கிடையாது. இரண்டு இரவுக்கு அது எதற்கு என்று நினைத்துத்தான் அந்த இடத்தை எடுத்திருந்தோம்.

முதல் அடி தண்ணீரில் விழுந்தது. 20 நொடி கை கழுவுங்கள் என்று உலகம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். எங்கள் பம்ப் நிமிடத்துக்கு ஏழு லிட்டர் தள்ளும். குழாயைத் திறந்து வைத்தபடி 20 நொடி கழுவினால் இரண்டு லிட்டருக்கு மேல் போய்விடும். இரண்டு பேர், ஆளுக்குப் பத்து முறை என்றால் 45 லிட்டரைத் தாண்டும். கை கழுவவே டேங்கில் பாதி! மூன்றாம் நாள் காலையில் பம்ப் வெறுமனே உறுமியபோதுதான் இந்தக் கணக்கே போட்டேன். அதற்கப்புறம் நனை, மூடு, சோப்புப் போட்டு 20 நொடி தேய், திற, அலசு என்று பழக்கிக்கொண்டோம். ஒரு கழுவலுக்கு அரை லிட்டர்கூட ஆகவில்லை. குளியலும் அதே முறைதான், ஆளுக்கு நான்கு லிட்டர். தட்டுகளைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவினோம். இரண்டே மாதத்தில் அதே டேங்க் ஏழு நாள் வர ஆரம்பித்தது.

பொதுக் குழாய் 300 மீட்டர் தள்ளி இருந்தது. 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ. முதல் வாரம் கையில் தூக்கிவந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்புறம் ஒரு தள்ளுவண்டி வாங்கினோம். இந்தப் பதினைந்து மாதத்தில் வாங்கிய பொருட்களில் மிகவும் உழைத்தது அதுதான். கழிவறைத் தொட்டி மூன்று நாளுக்கு ஒருமுறை நிறையும். அதைக் கொண்டுபோய்க் கொட்டவும் அதே தள்ளுவண்டிதான். அந்த வேலை பழகிவிடும், அதைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம்.

மின்சாரத்தில் நான் செய்த தவறுக்கு ஒரு பேட்டரியே போனது. 100 ஆம்பியர்-மணியை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,200 வாட்-மணி. ஆனால் லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறைந்துவிடும், ஆக உருப்படியாகக் கையில் இருப்பது 600தான். இரண்டு லேப்டாப், ஒவ்வொன்றும் 50 வாட், எட்டு மணி நேர அலுவலக வேலை: 800. விளக்கும் பம்பும் இன்வெர்ட்டர் விழுங்குவதும் தனி. வாரத்தில் இரண்டு நாள் வண்டி ஓடியிருந்தால் ஆல்டர்னேட்டர் ஈடுகட்டியிருக்கும். நாங்கள்தான் ஓடவே இல்லையே. நான்காவது மாதம் பேட்டரி முழுதாக நிறைந்ததாகக் காட்டும், ஒரு மணி நேரத்தில் படுத்துவிடும்.

200 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு மாறினோம். விலை வலித்தது, ஆனால் வாங்கியதற்கு ஒரு நாளும் வருந்தவில்லை. அதில் 80 சதவீதத்துக்கு மேல் தயங்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம். ஒன்றே ஒன்று, பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. கடுங்குளிர் இடம் என்றால் பேட்டரியை வண்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மடக்கி விரிக்கும் 200 வாட் பேனல் ஒன்றும் சேர்த்தோம். கடலோரத்தில் பேனல் மேல் உப்புப் படலம் மெல்லிய பனிபோலப் படிந்துவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை ஏணி வைத்து ஏறி ஈரத்துணியால் துடைப்பேன், துடைத்த அன்றே மானியில் வித்தியாசம் தெரியும்.

இந்த உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானும் கரைய ஆரம்பிக்கும். கடற்கரையில் பல இரவுகள் அந்த அளவைத் தாண்டும். வெளியே கொடியில் காய்ந்த சட்டையை மாலையில் மடித்து வைப்போம். மறுநாள் எடுத்தால் பிசுபிசுவென்று இருக்கும். சரியாகக் காயவில்லை போலிருக்கிறது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் காலரை நாக்கால் தொட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கடற்காற்று துணியில் உப்பை ஏற்றிவிடுகிறது, இரவில் அந்த உப்பு ஈரத்தைக் குடிக்கிறது. அதன்பின் வண்டிக்குப் பின்புறம், காற்று மறைவில்தான் கொடி கட்டினோம்.

துணிக்கு நேர்ந்ததுதான் உலோகத்துக்கும். கதவுக் கீல், வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் துணிப் பந்தலைத் தாங்கும் பிராக்கெட், படிக்கட்டின் மோட்டார் எல்லாம் முதல் வருடமே பழுப்பேறின. அலுமினியச் சட்டத்தில் இரும்புத் திருகாணி இறங்கிய இடத்தில் வெள்ளை மாவுபோல ஏதோ பூத்தது. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புநீரும் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரிதான், அலுமினியம் கரைந்துகொண்டே போகும். வெளிப்புறத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, படகுகளுக்குப் போடும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றி, இடையில் நைலான் வாஷர் கொடுத்தேன். வழக்கமான 304 ரகத்தில் இல்லாத மாலிப்டினம் இதில் இருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அலச வேண்டும் என்பார்கள். குடிக்கவே அளந்து வைத்திருக்கும்போது அதற்கு எங்கே போவது? மழை வரும்போது பந்தலைச் சரித்து வாளிகளில் பிடித்துக்கொள்வோம். அந்தத் தண்ணீர்தான் வண்டியின் அடிப்பாகத்துக்கு.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். வருடக்கணக்காக வண்டியிலேயே வாழ்ந்தவர். இரண்டு மீட்டர் தள்ளி நின்றுதான் பேசுவார். முதல் வாரமே சொன்னார்: "தம்பி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வெச்சிராதீங்க. ரெண்டு மாசத்துல ஒட்டிக்கும். கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வெச்சிருங்க." அந்தப் பேச்சைக் கேட்டதால் எங்கள் பிரேக் தப்பியது. மூன்று இடம் தள்ளி நின்ற இன்னொரு வண்டியைக் கிளப்பும் நாளில் பின்சக்கரம் சுற்றாமல் மணலில் இழுபட்டதைப் பார்த்தோம்.

டயரும் அவர் சொல்லித்தான் கவனித்தேன். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. எங்கள் டயரில் பட்டன், அதாவது தரையில் பதியும் வரிப் பகுதி, புதிதுபோல இருந்தது, ஓரத்தில் மட்டும் தலைமுடி அளவுக்கு வெடிப்புகள். தேய்ந்து போவதற்கு முன்னால் வயதாகிப் போகிற டயர்கள் இவை. வெயில் படாமல் உறை போட்டு, மாதம் ஒருமுறை சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றும் அளவுக்கு வண்டியை நகர்த்தி வைத்தோம், ஒரே இடத்தில் தட்டையாக அமுங்கிவிடாமல் இருக்க. ஆனாலும் கிளம்பும் முன் நான்கையும் மாற்றிவிட்டோம். வாரம் பத்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. எஞ்சின் முழுச் சூடு ஏறாமல் அணைத்தால் சைலன்சரில் தண்ணீர்தான் தேங்கும். எஞ்சின் பேட்டரிக்குச் சோலாரிலிருந்து சின்னதாக ஒரு சார்ஜ் இணைப்பு கொடுத்தேன், அது போதுமானதாக இருந்தது.

முதல் குளிர்காலத்தில் ஓர் இரவு மனைவி என்னை எழுப்பினாள். "ஏங்க, மேல ஒழுகுது பாருங்க." கூரை ஜன்னலின் சட்டத்திலிருந்து சொட்டுச் சொட்டாக அவள் நெற்றியில் விழுந்துகொண்டிருந்தது. வெளியே மழையே இல்லை. எங்கள் மூச்சும் அடுப்பின் ஆவியும்தான் குளிர்ந்த அலுமினியத்தில் பட்டு நீராகியிருந்தன. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி வெளிவரும். ஹீட்டர் தன் புகையை வெளியே தள்ளிவிடும் வகை, சமையல் அடுப்பு அப்படியில்லை, எல்லாம் அறைக்குள்தான். காலையில் மெத்தையைத் தூக்கினேன். கீழே பிளைவுட் முழுக்க மிளகைத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை. நான்கு மாதமாக அதன்மேல்தான் படுத்திருக்கிறோம்.

அதன்பின் நாங்கள் செய்தவை: மெத்தைக்குக் கீழே காற்றுப் போக இரண்டு சென்டிமீட்டர் வலைத்தட்டு, எதிரெதிரே இரண்டு ஜன்னல்களில் விரலளவு திறப்பு, கொதிக்கும் பாத்திரத்துக்குக் கட்டாயம் மூடி, காலை எழுந்ததும் கண்ணாடித் துடைப்பு. குளிரில் ஜன்னலைத் திறந்து வைப்பது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் வேலை செய்தது அதுதான். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கைக்குப் பக்கத்தில் எப்போதும் இருந்தது. அதில் சமரசமே கூடாது.

எட்டாவது மாதம் தண்ணீர் பம்ப் எரிந்துபோனது. வாங்கிய இடத்தில் உதிரி இல்லை, பட்டறைகள் திறக்கவில்லை. வேறொரு பம்ப் வந்து சேரும்வரை ஒன்பது நாள் பாட்டிலில் ஊற்றித்தான் எல்லாமே. இப்போது பம்ப், ஃபியூஸ், குழாய் இணைப்பான், கழிவறைத் தொட்டியின் ரப்பர் வளையம் இவற்றில் ஒவ்வொன்று கூடுதலாக அலமாரியில் இருக்கும்.

கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் பற்றி ஒரு வார்த்தை. அதற்குள் அமோனியாக் கரைசல் புவியீர்ப்பில்தான் வழிந்து ஓடுகிறது, வண்டி சாய்ந்திருந்தால் குளிராது. மணலில் வண்டி மெல்ல மெல்ல ஒரு பக்கம் இறங்கும். மாதம் ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பார்த்தால் போதும். பந்தலை இரவில் விரித்து விடாதீர்கள். எங்களுடையது ஒரே காற்றில் கிழிந்தது.

இவ்வளவு சொன்னபின் அங்கே இருந்தது பிடித்ததா என்று கேட்டால், மனதாரப் பிடித்தது. கடல்நீர் ஏறி இறங்கும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். சில வாரத்தில் அட்டவணை பார்க்காமலே எங்களுக்கு அது உடம்பில் ஏறிவிட்டது. தண்ணீர் இறங்கியதும் ஈர மணலில் ஒரு மணி நேரம் நடப்போம், அலுவலகக் கூட்டம் இருந்தால் அதற்கு ஏற்ப நடையை மாற்றுவோம். உலகம் கதவடைத்துக் கிடந்தபோது எங்கள் கதவைத் திறந்தால் அடிவானம் வரைக்கும் திறந்த வெளி. அது எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று நினைக்கும்போது நன்றியாகத்தான் இருக்கிறது.

15 சதுர மீட்டர்கூட இல்லாத இடத்தில் இரண்டு பேர் சண்டை போடாமல் இருக்க முடியாது. ஓட்டுநர் இருக்கைக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு திரை உண்டு. அதை இழுத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தால் 'இப்போது பேச வேண்டாம்' என்று பொருள். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை, தானாக அமைந்த வழக்கம். திரைக்கு அடியில் ஒரு காபி டம்ளர் நகர்ந்து வந்தால் சமாதானம்.

2021இல் வட அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து மட்டும் ஆறு லட்சம் ஆர்.வி.கள் வெளியே போயின. ஊரடங்கில் ஆசைப்பட்டு வாங்கி, பிறகு நிறுத்தியே வைத்த வண்டிகள் இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு வருகின்றன. பார்க்கப் போனால் மீட்டரில் ஓடிய தூரம் குறைவு என்று மகிழ்ந்துவிடாதீர்கள். எங்கே நின்றது, எவ்வளவு நாள் நின்றது என்று கேளுங்கள். மெத்தையைத் தூக்குங்கள், ஜன்னல் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், டயரின் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். கட்டில் எத்தனை என்பதைவிட டேங்க் எத்தனை லிட்டர் என்பதை முதலில் கேளுங்கள்.

எங்கள் வண்டி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அந்தக் கூரை ஜன்னலின் சீலண்டை, நீர் கசியாமல் அடைக்கும் பசையை, இரண்டு முறை மாற்றிவிட்டேன். போன வாரம் மூலையில் மறுபடி லேசாக ஈரம் தெரிந்தது. இந்த முறை அது மூச்சுக்காற்று இல்லை, நிஜமான கசிவுதான். மழைக்கு முன்னால் ஏறிப் பார்க்க வேண்டும்.