புத்தாண்டு இலைச் சாப்பாட்டுக்கு 380 பவுண்டு கட்டி ஏமாந்தோம்: இங்கிலாந்தில் இருப்பவர்கள் கவனத்துக்கு

380 பவுண்டு. நம்மூர்ப் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். சித்திரை ஒன்றுக்கு இருபது பேருக்கு இலைச் சாப்பாடு என்று சொல்லி இந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப் பசியோடு உட்கார வைத்த கேட்டரிங் பற்றித்தான் இந்தப் பதிவு. பெயர் போடவில்லை. போட்டால் கேஸ் போடுவோம் என்று ஏற்கெனவே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது. ரெடிங், ஸ்லோ பக்கத் தமிழ் வாட்ஸ்அப் குரூப்களில் மெனு கார்டு போட்டு ஆர்டர் பிடிக்கிற, வீட்டிலிருந்தே சமைத்துத் தருகிற ஆட்கள். இவ்வளவு போதும்.

இங்கே சித்திரை ஒன்றுக்கு லீவு ஏது? வார நாளில் வந்தால் அதற்கு முந்தின ஞாயிறுதான் எங்களுக்குப் புத்தாண்டு. இந்த வருஷம் என் மாமியார் மாயவரத்திலிருந்து வந்திருக்கிறார். விசிட்டர் விசாவில் ஆறு மாதம்தான் இருக்க முடியும். அத்தை இருக்கும்போதே தெரிந்த நாலு குடும்பங்களையும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு ஆங்கிலேயத் தம்பதியையும் கூப்பிட்டு இலை போட வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு ஆசை. எனக்கோ ஆஸ்பத்திரியில் சனி இரவு நைட் டியூட்டி. அத்தைக்கு முட்டிவலி, நின்று சமைக்க முடியாது. அதனால் வெளியே சொன்னோம். ஊரிலேயே இப்போது பாதி வீடுகளில் மாஸ்டரிடம் சொல்லித்தான் வாங்குகிறார்கள், இதில் என்ன இருக்கிறது?

குரூப்பில் மெனுவைப் பார்த்து போன் போட்டேன். எடுத்தது ஒரு பெண். எந்த ஊர் என்றுதான் முதலில் கேட்டார். மாயவரம் பக்கம் என்றதும் குரலே மாறிவிட்டது. "அட, எனக்கு செம்பனார்கோயில்மா! அப்ப நம்ம வீடுன்னு சொல்லுங்க. மாமியார் வந்திருக்காங்களா? வேப்பம்பூ ரசம் இல்லாம எப்படிம்மா வருஷப்பிறப்பு? அவங்களுக்குன்னு ஒரு டப்பால தனியா வெச்சுத் தரேன்."

அங்கேதான் விழுந்தேன். விலை கூடக் குறைவில்லை, இலைக்கு 18 பவுண்டு. இருபது இலைக்கு 360, டெலிவரி 20, ஆக மொத்தம் 380. என் மாமியாருக்கு முட்டிவலி என்றதும், ராத்திரி படுக்கும்போது நல்லெண்ணெய் காய்ச்சித் தடவச் சொன்னார் அந்தப் பெண். அப்படிப் பேசுகிறவரிடம் ரசீது கேட்க யாருக்கு வாய் வரும்? முழுப் பணமும் முன்கூட்டியே, அதுவும் பேங்க் டிரான்ஸ்ஃபராக வேண்டும் என்றார். "வாழை இலை, மாங்காய் எல்லாம் ஈஸ்ட் ஹாம் போய்த்தான் வாங்கணும்மா, கைக்காசு போட்டு எத்தனை ஆர்டருக்கு வாங்க முடியும், சொல்லுங்க." சரி, நியாயம்தானே. பேங்க் ஆப்பில் கணக்கு எண்ணைப் போட்டால் பெயரைச் சரிபார்க்கும் இல்லையா, அதுவும் பொருந்துகிறது என்று பச்சை டிக் காட்டியது. அனுப்பினேன். உடனே கும்பிடு எமோஜி வந்தது.

ஞாயிறு பதினொன்றரைக்கு வர வேண்டிய சாப்பாடு. பன்னிரண்டுக்கு "கிளம்பியாச்சு" என்றார்கள். ஒரு மணிக்கு "எம்4ல டிராஃபிக்" என்றார்கள். அதன் பிறகு போனே எடுக்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் பட்டுப்புடவை, வேட்டியோடு ஹாலில் உட்கார்ந்து டீயும் மிக்சருமாகப் பொழுதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டார்கள். இரண்டரை மணிக்கு ஒரு பையன் காரை நிறுத்தாமலேயே, ஆமாம், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அலுமினிய டிரேக்களை வாசல் படியில் அடுக்கிவிட்டுப் போய்விட்டான்.

திறந்து பார்த்தோம். சாம்பார் டிரே மூடியில் மார்க்கர் பேனாவில் வேறு யாரோ ஒருவர் பெயரும் "12 பேர்" என்பதும் எழுதி, அதை அடித்துவிட்டு எங்கள் பெயரை எழுதியிருந்தார்கள். அதாவது இன்னொரு வீட்டு ஆர்டர், இல்லை அதில் மிஞ்சினது. தொட்டால் சூடே இல்லை. சமைத்த சாப்பாட்டைச் சூடாகத் தருகிறவர்கள் 63 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், கொஞ்ச நேரத்துக்குத்தான் அதில் விலக்கு. இது குழந்தைக்குக் கொடுக்கிற வெதுவெதுப்பில் இருந்தது. கரண்டியை விட்டுக் கிளறியதும் அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஊசிப்போச்சும்மா, பிள்ளைங்களுக்குப் போடாதே" என்றார்.

இருபது பேருக்கு வடை பதினாலு. உள்ளே ஜில்லென்று இருந்தது, ஃப்ரீசர் பாக்கெட் வடைதான். அவியலில் தேங்காயைத் தேட வேண்டியிருந்தது. போளி இல்லை. வேப்பம்பூ ரசம் இல்லை, தனி டப்பாவிலும் இல்லை, பொது டப்பாவிலும் இல்லை. மாங்காய்ப் பச்சடி என்று ஒன்று வந்திருந்தது. மேலே சிவப்பு எண்ணெய் மிதக்கிறது, பெருங்காய வாசனை தூக்குகிறது. பாட்டில் மாங்காய் ஊறுகாயில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கியிருக்கிறார்கள்! வருஷப்பிறப்பு அன்றைக்கு இலையில் முதலில் வைக்கிற பண்டம் அது. இலை? பச்சை வாழை இலை என்று சொல்லிக் காசு வாங்கினார்களே, வந்தது வாழை இலைப் படம் அச்சடித்த பேப்பர். அதிலும் நாலைந்து கசங்கிக் கிடந்தன.

சாதம் பத்துப் பேருக்குக்கூடக் காணாது. பிள்ளைகளை முதல் பந்தியில் உட்கார வைத்து உருளைக்கிழங்கும் அப்பளமும் தயிரும் போட்டோம். பெரியவர்கள் "எங்களுக்குப் பசிக்கவே இல்லைங்க" என்றார்கள். மூன்று மணிக்குப் பசிக்காமல் இருக்குமா? பக்கத்து வீட்டு அம்மா பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார், அதில் சர்க்கரையும் ஜவ்வரிசியும் தவிர ஒன்றுமில்லை. கடைசியில் பீட்சா வரவழைத்தோம். அத்தை ஊரிலிருந்து கொண்டு வந்திருந்த காய்ந்த வேப்பம்பூவை நெய்யில் வறுத்து, ஒரு சொம்பு ரசம் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பணம் போனதைவிட, வீட்டுக்கு வந்தவர்களின் வயிறு நிறையாமல் அனுப்பினேனே, அதுதான் இன்னும் அறுக்கிறது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. போட்டோக்களை அனுப்பி என்ன இது என்று கேட்டால், "டிரைவர் டிரே மாத்திக் கொடுத்துட்டான்மா, கேட்டுச் சொல்றேன்." மறுநாள், "எனக்கு பி.பி. ஏறிடுச்சும்மா, ரெண்டு நாள் டைம் கொடுங்க." அதன் பிறகு அவர் வீட்டுக்காரர் பேசினார். அந்தக் குரலில் செம்பனார்கோயிலும் இல்லை, "நம்ம வீடு"ம் இல்லை. "சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டுப் பணத்தையும் கேட்டா எப்படி மேடம்? வேணும்னா தீபாவளி ஆர்டர்ல 20 பவுண்டு கழிச்சுத் தரோம்." 380 பவுண்டுக்கு 20 பவுண்டு, அதுவும் அவர்களிடமே திரும்ப வாங்கினால்! குரூப்பில் எழுதினேன். "இது நம்ம கம்யூனிட்டி குரூப், பெர்சனல் சண்டை வேண்டாம்" என்று அட்மின் மெசேஜை அழித்துவிட்டார். அவர்கள் விளம்பரம் மட்டும் பர்சனல் இல்லையாம், அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

பேங்கில் கேட்டதுதான் எல்லாவற்றுக்கும் மேல். ஏமாற்றி டிரான்ஸ்ஃபர் செய்ய வைத்தால் பேங்கே பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபர் 7 முதல் இங்கே விதி இருக்கிறது, 85,000 பவுண்டு வரைக்கும். அதை நம்பித்தான் கூப்பிட்டேன். பேங்கில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாப்பாடு வந்ததா?" என்றார். வந்தது, ஆனால் இப்படி என்றேன். "அப்படியானால் இது மோசடியில் வராது. வாங்கினவருக்கும் விற்றவருக்கும் உள்ள தகராறு, அதற்கு அந்த விதி பொருந்தாது" என்று முடித்துவிட்டார். ஒன்றுமே அனுப்பாமல் ஓடியிருந்தால் பணம் வந்திருக்கலாம். ஊசிப்போன சாம்பாரை அனுப்பியதால் அவர்கள் வியாபாரி ஆகிவிட்டார்கள். இது தெரிந்துதான் செய்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

கோர்ட்டுக்குப் போகலாம், சின்னத் தொகை வழக்கை ஆன்லைனிலேயே போடலாம். ஆனால் அதற்கு அவர்கள் முகவரி வேண்டும். மெனு கார்டில் இருப்பது மொபைல் நம்பரும் பிள்ளையார் படமும்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இன்றைக்கும் டியூட்டி, நேரமில்லை. அவசரத்துக்கு இது மட்டும்: முழுப் பணத்தையும் முன்கூட்டி டிரான்ஸ்ஃபர் செய்யாதீர்கள். பச்சை டிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும், ஆள் எப்படி என்று சொல்லாது. கார்டில் பணம் வாங்குகிறவர்களிடம் ஆர்டர் சொல்லுங்கள். கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் வாங்கும் பொருளுக்கு 1974 நுகர்வோர் கடன் சட்டப்படி கார்டு கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. டெபிட் கார்டு என்றாலும் பேங்க் மூலம் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம். பேபாலில் "நண்பர்களுக்கு அனுப்பு" என்பதைத் தட்டச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

வீட்டில் சமைத்து விற்கிறவர்களும் தொழில் தொடங்க 28 நாளுக்கு முன்பே உள்ளூர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது. உணவு சுகாதார ரேட்டிங் இணையதளத்தில் 0 முதல் 5 வரை மதிப்பெண் இருக்கும், ஆர்டருக்கு முன்னால் தேடுங்கள். இவர்கள் பெயர் அதில் கிடைக்கவில்லை. கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு, மூடியில் அடித்து எழுதிய போட்டோவோடு புகார் அனுப்பிவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு தோழி அவர்கள் புதிதாகப் போட்டிருக்கும் கார்டை அனுப்பினாள். கடைப் பெயரை மாற்றியிருக்கிறார்கள், போன் நம்பர் அதேதான். சித்ரா பௌர்ணமிக்குச் சித்ரான்னம் பேக், நாலு வகை, 12 பவுண்டு, பணம் முன்கூட்டியே. இதே போல அவர்களிடம் மாட்டியவர்கள் யாராவது இருந்தால் டிரான்ஸ்ஃபர் ஸ்க்ரீன்ஷாட்டோடு எனக்கு மெசேஜ் போடுங்கள். கவுன்சிலுக்கு எல்லோருமாகச் சேர்த்து அனுப்பலாம்.