ஓட்டு வீட்டுக்கு "வருஷ பேக்கேஜ்" கூரை கிளீனிங் - 8,500 ரூவா போச்சுங்க, தயவுசெஞ்சு யாரும் பணம் கட்டிராதீங்க

கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பற ஆப் ஒண்ணுங்க, பிளம்பர், ஏசி சர்வீஸ், கரையான் மருந்து எல்லாத்துக்கும் ஆள் வருவாங்க. பேரு போடலைங்க, அப்பறம் அதுக்கொரு வக்கீல் நோட்டீஸ் வரும். அதுல கூரை சுத்தம் பண்ற வருஷ பேக்கேஜ்னு 8,500 ரூவா கட்டிட்டு, நேத்து ராத்திரி பேஞ்ச மழைல எங்கம்மா பொட்டுத் தூக்கம் இல்லாம குண்டானையும் பக்கெட்டையும் மாத்தி மாத்தி வெச்சுட்டு இருந்துச்சு.

வீடு பொள்ளாச்சிக்குத் தெக்கால. எங்கப்பாரு காலத்துல ஃபெரோக்ல இருந்து லாரில கொண்டாந்த சீமை ஓடு, ரெண்டு கூரை சேர்ற எடத்துல கூடுவாய், அதுக்கடில தகரம். வாசல்ல வேம்பு, வீட்டுக்குப் பின்னால பொடக்காளில தென்னை. மாசி பங்குனில வேப்பிலை கொட்டும், சித்திரைல பூவு, ஆனி ஆடில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வந்துச்சுன்னா பழம், பாளை, பன்னாடை எல்லாம் ஒட்டுக்கா கூரை மேலதான். இப்பல்லாம் மயிலு வேற உக்காந்து ஓட்டை நகட்டி விட்டுருது. ஐப்பசி மழைக்கு முன்னால கூடுவாய் சுத்தமா இருந்தாகோணுமுங்க, இல்லைன்னா தண்ணி போக வழியில்லாம ஓட்டுக்கடில ஏறி நேரா உள்ள எறங்கிரும். அப்பா இருந்தவரைக்கும் அவரே ஏறி வாரிப் போட்டுருவாரு. இப்ப நான் திருப்பூர்ல, அம்மா ஊர்ல தனியா, அதான் ஆப்.

பங்குனில ஒரு தம்பி பார்க்க வந்தான். நானும் அன்னைக்கு ஊர்லதான் இருந்தேன். அவனும் உடுமலைப் பக்கந்தானாமா, பேச்சுல அப்பிடியொரு மரியாதை. ஏணில ஏறி கூடுவாய்ல இருந்து ஒரு கை குப்பையை அள்ளிட்டு எறங்கி வந்து எங்க முன்னாடியே பிழிஞ்சான் பாருங்க, டீத்தூள் மாதிரி கருப்பா தண்ணி சொட்டுச்சு, உள்ள ஒரு மண்புழு நெளியுது. "இது இப்பிடியே ஊறிட்டுக் கெடந்தா தகரம் துரு புடிச்சு ஓட்டை விழுந்துருமுங்க ஆத்தா, அப்பறம் கூரையைத் தாங்கற கைமரம் உளுத்துரும்"ன்னான். சொன்னது அத்தனையும் நெசம். அம்மா போயி மோர் கொண்டாந்து குடுத்து "நீ பாத்துக்க கண்ணு"ன்னுருச்சு. ஒருக்கா பண்ணா 2,500, வருஷத்துக்கு நாலு தடவைன்னா 8,500, இன்னைக்கே கட்டுனாத்தான் இந்த ரேட்டுன்னான். ஆப்ல லிங்க் வந்துச்சு, அங்கயே திண்ணைல உக்காந்து கட்டுனேன். 8,500.

மொத தடவை ரெண்டு பசங்க பிரஷர் வாஷரோட வந்தாங்க. நான் திருப்பூர் கெளம்பிட்டேன், அம்மா போன்ல சொன்னதுதான். சீமை ஓட்டுல அந்த வேகத்துல தண்ணி அடிச்சா மேல்பரப்பு தேஞ்சு போயிரும், தண்ணி இடுக்குல பூந்து உள்ள வரும். ஓட்டு நடுவுல மிதிக்கறதும் தப்பு, அடில ஓட்டைத் தாங்கற ரீப்பர் கட்டை இருக்கற எடமாப் பாத்து கால் வெக்கோணும். இவனுக மைதானத்துல நடக்கறாப்புடி நடந்திருக்கானுக. வாசல்ல இருந்து பாத்தா செவசெவன்னு புது வீடு கணக்கா இருந்துச்சாமா, அம்மாவுக்கு சந்தோசம்.

அடுத்தது ஆடில. "சர்வீஸ் கம்ப்ளீட்டட்"னு மெசேஜ், போட்டோவோட. அம்மாவுக்குப் போன் போட்டா யாருமே வல்லைங்குது. போட்டோவைப் பெருசு பண்ணிப் பாக்கறேன், கூரை ஓரத்துல எங்க முருங்கை மரம் பூவோட நிக்குது. அந்த முருங்கை ஆனிக் காத்துலயே முறிஞ்சு விழுந்து, அம்மா அடுப்புக்கு வெட்டிப் போட்டாச்சுங்க! பங்குனில எடுத்த போட்டோவையே திருப்பி ஏத்திருக்கானுக.

அதுல இருந்து ஆரம்பிச்சுதுங்க அலைச்சல். சாட்ல முதல்ல மெஷின் பேசுது, அப்பறம் ஒரு பொண்ணு, "உங்க கம்ப்ளெய்ன்ட் எங்களுக்கு ரொம்ப முக்கியம் சார்"னு. முருங்கை மரத்தைப் பத்தி சொன்னா "சார், மரம் சம்பந்தமான சர்வீஸ் எங்ககிட்ட இல்லை"ங்குது. சிரிக்கறதா அழுகறதா? அப்பறம் "வேலை செஞ்சது எங்க பார்ட்னர், நாங்க பிளாட்ஃபார்ம் மட்டுந்தான்". உடுமலைத் தம்பிக்குப் போட்டா "நான் அதுல இருந்து வெளிய வந்துட்டனுங்ணா". புரட்டாசி விசிட்டை தள்ளித் தள்ளிப் போட்டு கடைசில "உங்க ஏரியாவுல இப்ப சர்வீஸ் இல்லை"ன்னு வந்துச்சு. என்ற 8,500க்கு 500 ரூவா கூப்பன் குடுத்தானுக, அதே ஆப்ல செலவு பண்றதுக்கு!

காலைல முத பஸ்ஸுக்கு ஊருக்கு வந்து, ஓடு மாத்தற பெரியவரைக் கூட்டிட்டு நானும் மேல ஏறுனேன். கூடுவாய் பூராவும் அடைப்பு. வாசல்ல இருந்து தெரியற குப்பையை எல்லாம் தண்ணி அடிச்சு அங்க தள்ளிருக்கானுக, அதுக்குள்ள ஒடஞ்ச ஓட்டுத் துண்டு, மேல பன்னாடையைப் போட்டு மூடி. ஒடஞ்ச எடத்துல ஓட்டை மாத்தவே இல்லை. இப்ப அதே கம்பெனி ஓடு கெடைக்காது, வேற அச்சு ஓடு பக்கத்து ஓட்டோட கோக்கற காடில சரியா உக்காராது, பழைய வீடு இடிக்கற எடத்துல தேடோணும். அட்டாலில இருந்த ராகி மூட்டை நனஞ்சு போச்சு. சுவிட்ச் போர்டு வழியா தண்ணி வந்திருக்கு, அம்மா மெயினை ஆஃப் பண்ணுச்சோ தப்பிச்சோமோ. பெரியவர் மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டு 1,200 வாங்கிட்டுப் போனாரு.

எந்த மாசம் என்ன பண்ணோணும்னு விலாவாரியா எழுதலாம்னுதான் இருந்தேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்லைங்க. வருஷக் காசு முன்கூட்டிக் கட்டாதீங்க, வந்து செஞ்சதுக்கு மட்டும் குடுங்க. போட்டோவை நம்பாதீங்க, கூடுவாயை யாராச்சும் ஏறிப் பாக்கோணும். சீமை ஓட்டுக்கு பிரஷர் வாஷர் விடாதீங்க. அப்பறம் "நாங்க பிளாட்ஃபார்ம் மட்டுந்தான்"னா விடாதீங்க, 2020 இ-காமர்ஸ் விதில கம்பெனியோட குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துல புகார் வந்துச்சுன்னு பதில் சொல்லோணும், ஒரு மாசத்துல தீர்க்கோணும்னு இருக்குது. இதை சொன்னதும் அந்தப் பொண்ணு லைனைக் கட் பண்ணிருச்சு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிச்சு புகார் நம்பர் வாங்கிட்டேன், அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் கோர்ட், 5 லட்சம் வரைக்கும் பீஸே கெடையாது. முருங்கை மரம் விழுந்து கெடக்கற போட்டோ தேதியோட என்ற போன்ல இருக்குதுங்க, அதையும் சேத்து வெச்சுத்தான் என்ற 8,500ஐ கேக்கப்போறேன்.