கழுத்துக்கு வெளியே ஒரு கரும்புள்ளி: தட்டைப் படமா, ஸ்பெக்ட்-சிடியா, தைரோகுளோபுலினா?

தைராய்டு புற்றுநோய்க்காகச் சுரப்பியை அகற்றிய பின், தைராய்டு செல்கள் உள்வாங்கும் கதிரியக்க அயோடினை (அயோடின்-131) கொடுத்து எடுக்கப்படும் முழுவுடல் ஸ்கேனில், கழுத்துக்கு வெளியே ஒரு புள்ளி விழுந்தால் வீட்டார் அனைவரும் அதைப் 'பரவிவிட்டது' என்றே படிக்கிறார்கள். டர்பன் சாட்ஸ்வர்த்தில் என் பெரியம்மாவின் படத்தில் தொடையருகே அப்படி ஒரு புள்ளி தெரிந்தது. குளித்து, உடை மாற்றி மறுபடி எடுத்த படத்தில் அது இல்லை. உள்ளாடையில் பட்டிருந்த சிறுநீர்தான் காரணம். இரண்டு நாள் வீட்டில் அடுப்பு எரியாததுதான் மிச்சம்.

முன்னும் பின்னுமாக எடுக்கப்படும் தட்டைப் படத்தின் பலம், தலை முதல் கால் வரை ஒரே மூச்சில் காட்டிவிடுவது. ஆழத்தைக் காட்டாதது அதன் பலவீனம். அயோடினை உள்வாங்கும் புரதம் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இரைப்பையிலும் பால் சுரக்கும் மார்பகத்திலும் இருப்பதால், உதரவிதானத்தைத் தாண்டி மார்புக்குள் ஏறிய இரைப்பைப் பகுதி நெஞ்சு நிணநீர்க் கணுவைப் போலவும், அயோடின் சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீரகத்து நீர்க்கட்டி விலா எலும்பில் பரவிய நோயைப் போலவும் தோற்றம் தரலாம். உணவுக்குழாயில் தங்கிய உமிழ்நீரானால், தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் படம் எடுத்தாலே தெளிந்துவிடும். இதற்குச் செலவும் இல்லை.

கதிரியக்கப் படத்தையும் சிடி ஸ்கேனையும் இணைக்கும் ஸ்பெக்ட்-சிடி முப்பரிமாணத்தில், உடற்கூற்றின் மேல் புள்ளியைப் பொருத்திக் காட்டுகிறது. கூடுதல் கதிர்வீச்சும் நேரமும் தேவைப்பட்டாலும், மேற்சொன்ன குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கே தீர்ந்துவிடும். காசநோய் மிகுந்த தென்னாப்பிரிக்காவில் இதன் மதிப்பு இன்னும் கூடுகிறது: பழைய காசநோயால் விரிந்துபோன மூச்சுக்குழலில் தேங்கும் சளியிலும், அழற்சியுள்ள நுரையீரல் திசுவிலும் அயோடின் தங்கலாம், தட்டைப் படத்தில் அது நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோயாகவே தெரியும். சிடி அந்தத் தழும்பையும் விரிவையும் காட்டிக்கொடுக்கும். ஆனாலும் எந்தக் காலத்திலோ காசநோய் மாத்திரை சாப்பிட்டதை மருத்துவரிடம் நோயாளிதான் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பலர் அதை மறைத்துவிடுகிறார்கள்.

தைராய்டு செல்கள் உருவாக்கும் புரதமான, இரத்தத்தில் பார்க்கும் தைரோகுளோபுலினுக்கு இடம் தெரியாது; அளவு மட்டுமே தெரியும். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) உயர்ந்திருக்கும்போது எடுத்த அளவு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இருந்து, தைரோகுளோபுலினுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளும் இல்லையெனில், புள்ளி புற்றுநோயாக இருக்கும் வாய்ப்புக் குறைகிறது. இந்நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இருக்கும் அந்த எதிர்ப்பொருள் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், எதிர்ப்பொருள் பரிசோதனை இல்லாத அறிக்கையை நான் முழுதாக நம்பமாட்டேன்.

முதலில் குளியலும் தண்ணீரும், பிறகு ஸ்பெக்ட்-சிடி, அதனருகே தைரோகுளோபுலின் என்பதே என் வரிசை. இவை எதுவும் பாராமல், புள்ளியை மட்டும் வைத்து இரண்டாம் முறை அயோடின் கொடுப்பதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. ஒவ்வொரு கூடுதல் அளவுக்கும் விலை கொடுப்பது உமிழ்நீர்ச் சுரப்பி.