பன்னிரண்டு மார்கழி நடந்த ஆத்தங்குடித் தரை

வீட்டுக்கு ஆத்தங்குடிப் பூக்கல், அதாவது செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்யும் சிமெண்டுத் தரைக்கல், போடலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே பதில் வருவதில்லை. பட்டறையில் பார்த்த கல், போட்ட ஆறாவது மாதத்தில் பார்த்த தரை, இன்று எங்கள் கூடத்தில் இருக்கும் தரை, மூன்றும் வேறு வேறு. 2014 தை மாதம் காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் பால் காய்ச்சிக் குடி வந்தோம். இது பன்னிரண்டாவது மார்கழி. இந்த முறை அரையாண்டு விடுமுறையில் நானும் என் கணவரும் எங்கும் போகவில்லை, யாரும் வரவும் இல்லை. மகன் சிங்கப்பூரிலிருந்து பொங்கலுக்குத்தான் வருகிறான். ஒரு வாரம் முழுக்க இரண்டு பேர் மட்டும் அந்தத் தரையில் நடந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, படுத்து எழுந்ததால், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த இந்த அனுபவத்தை இப்போதாவது எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் கூடம் 16 அடிக்கு 14 அடி. 10 அங்குலச் சதுரக் கல் என்றால் 323 வரும். வெட்டுக்கும் உடைசலுக்கும் சேர்த்து 350 வாங்கினோம். காவிச் சிவப்புக்கு நடுவே மஞ்சள் பூ, மூலைகளில் கறுப்பும் பச்சையும். வாங்கப் போன அன்று அரை நாள் பட்டறையிலேயே நின்று பார்த்தோம். ஓர் இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடித் தகடு வைத்து, அதன்மேல் பூவேலை அச்சை வைக்கிறார்கள். அச்சின் ஒவ்வோர் அறையிலும் நிறம் கலந்த சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை ஆடாமல் தூக்கியதும் மணலும் சிமெண்டும் கலந்த உலர்பொடியைத் தூவுகிறார்கள், அது ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பிறகு குழைத்த கலவையைப் போட்டு அழுத்தி மட்டம் செய்கிறார்கள். இறுகிய கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போட்டு, அப்புறம் எடுத்துக் காயவைக்கிறார்கள். சூளையில் வேகவைப்பது கிடையாது. கண்ணாடியிலிருந்து பிரித்து எடுக்கும்போது கல்லுக்கு ஒரு வழவழப்பு வருகிறதே, அதுதான் அதன் மெருகு.

வாங்கப் போகிறவர்கள் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சூளையில் சுட்ட டைலுக்கு மேலே ஒரு கெட்டிப் பூச்சு இருக்கும், கறை அதோடு நின்றுவிடும். பூக்கல்லில் நம் கால் படுவது நேராகச் சிமெண்டில். அது தண்ணீர் குடிக்கும், எண்ணெய் குடிக்கும், புளிப்புப் பட்டால் அரிக்கும். எங்கள் தரைக்கு வந்த நல்லதும் கெட்டதும் எல்லாமே இதிலிருந்து வந்தவைதான்.

முதல் வருடம் எனக்கு மிகவும் மனக்கஷ்டமாக இருந்தது. கல் பதித்து முடித்த கையோடு கொத்தனார் உமியைப் பரப்பித் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவிக் கொடுத்தார். அன்று பளபளப்பாக இருந்தது. நாலு மாதத்தில் மங்கிவிட்டது. ஐப்பசி அடைமழைக்குப் பிறகு சுவரோரமாக வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. துடைத்தால் போகும், இரண்டு நாளில் திரும்ப வரும். ஏமாந்துவிட்டோமோ என்று தூக்கமே இல்லை. கணவரின் அப்பத்தா அப்போது உயிரோடு இருந்தார்கள். எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டில், வளவுத் தரையில் (நடு முற்றத்தைச் சுற்றிய தரையில்) வாழ்ந்தவர்கள். வந்து பார்த்துவிட்டு, "கல்லு இன்னும் பச்சையா இருக்கு ஆத்தா. செருப்புப் போடாம நடங்க, வருசம் போகட்டும்" என்று மட்டும் சொன்னார்கள். அடியில் இருக்கிற ஈரம் மேலே ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. ஈரம் அடங்க அடங்க உப்பும் அடங்கிவிடும். எங்களுக்கு மூன்றாவது மழைக்காலத்தோடு நின்றது. உலர்ந்த துணியால் துடைத்ததைத் தவிர நாங்கள் வேறொன்றும் செய்யவில்லை.

உண்மையான சேதம் இரண்டு. ஒன்று எலுமிச்சை. விசேஷத்துக்கு வந்த ஒருவர் தரையிலேயே உட்கார்ந்து எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டார். சாறு பட்ட இடத்தை அரை மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன். கறை என்று நினைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கத் தெரிந்தது, அங்கே கறையே இல்லை, கல்லின் மேல்தோல்தான் போயிருந்தது. இன்னொன்று இதைவிடப் பெரியது. நான் பள்ளிக்கூடம் போயிருந்த நாளில், வேலைக்கு வந்தவர் நல்ல எண்ணத்தோடு கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றி வாசல் பக்கத்தைத் தேய்த்துவிட்டார். நாலு கல் சொரசொரப்பாகி நிறம் செத்துவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், சொல்லி வைக்காதது என் தவறு. அந்த நாலு கல்லும் இன்றும் அப்படியே இருக்கின்றன. எண்ணெய் தடவினால் ஒரு நாள் தெளிந்து திரும்பவும் மங்கிவிடுகின்றன. வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிழக்கு ஜன்னல் வெயில் நேரே விழும் இரண்டு வரிசையில் பச்சை வெளிறியிருக்கிறது. காவியும் மஞ்சளும் கறுப்பும் போட்ட அன்று இருந்தபடியே இருக்கின்றன. அவை மூன்றும் இரும்பு ஆக்சைடு நிறங்கள், வெயில் அவற்றை ஒன்றும் செய்யாது.

இனி இந்த மார்கழி வாரம்.

குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் விடியற்காலையில் 20, 21 டிகிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் வருடம் முழுக்க வெயிலில் வேகும் ஊருக்கு அதுவே பெரிய குளிர். ஐந்து மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்ததும் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சாணப் பிள்ளையாருக்குப் பூசணிப்பூ செருகிவிட்டு உள்ளே வருவேன். ஈரக் காலோடு கூடத்தில் முதல் அடி வைக்கும்போது ஜில்லென்று முழங்கால் வரைக்கும் ஏறும். சித்திரையில் இதே தரையில் வெறும் உடம்போடு படுத்தால் ஃபேன் கூட வேண்டாம் என்று கணவர் சொல்வார். அந்தக் குளிர்ச்சிக்கு மார்கழியில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. எனக்குக் குதிகால் வலி உண்டு. முதல் இரண்டு நாள் காலையில் தாங்க முடியாமல், அடுப்படியிலிருந்து கூடம் வரைக்கும் கோரைப்பாயை விரித்துவிட்டேன். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். எட்டரை மணிக்கு மேல் வெயில் உள்ளே வந்துவிட்டால் தரையும் இதமாகிவிடும். இந்த வாரம் முழுக்க எங்கள் காலை அந்த வெயில் பட்டையில்தான் கழிந்தது. அவர் பேப்பரோடு, நான் திருத்தாத அரையாண்டுத் தாள்களோடு. அரை மணிக்கு ஒரு தரம் வெயில் நகர, நாங்களும் பாயை இழுத்துக்கொண்டு நகர்ந்தோம். பேசிக்கொண்டது குறைவு. முப்பது வருடத்தில் இப்படி ஒரு வாரம் எங்களுக்கு வாய்த்ததே இல்லை.

நகரத்தார் வீடுகளில் எடுக்கும் பிள்ளையார் நோன்பும் இந்த விடுமுறையில்தான் வந்தது. கார்த்திகை தீபத்துக்கு மறுநாளிலிருந்து இருபத்தொரு நாள் எண்ணி, சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் எடுப்பது. முந்தின வருடங்களில் பெரிய வீட்டுக்குப் போய்விடுவோம். இந்த வருடம் எங்கள் வீட்டிலேயே எடுத்தோம். பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, சின்னத் துணியில் நனைத்துப் பிழிந்து விரலால் நடுவீட்டுக் கோலம் போட்டேன். வெள்ளை மொசைக்கில் இந்தக் கோலம் தெரியவே தெரியாது. காவித் தரையில் காய்ந்து வரும்போது ஒவ்வோர் இழையாக வெளுத்து எழும்பியது. கல்லில் பூவும் கோலத்தில் கோடும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளுமோ என்று பயந்தேன், அப்படி இல்லை. கல்லின் சதுரமே கோலத்துக்கு அளவுகோலாக உதவியது. ஆவாரம்பூ வைத்து, இழைமாவை (வெல்லம் சேர்த்துப் பிசைந்த அரிசி மாவை) பிள்ளையாராகப் பிடித்து, இருபத்தொரு இழைத் திரியை அதில் வைத்து ஏற்றிக் கணவர் கொடுக்க, சுடரோடு வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். இரண்டு பேர் மட்டும் எடுத்த முதல் நோன்பு. எப்போதும் முப்பது நாற்பது பேர் வரிசையில் நிற்பதைப் பார்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. நெய் நாலைந்து சொட்டுத் தரையில் விழுந்தது. மறுநாள் துடைத்தபோது அந்த இடம் கொஞ்சம் கருத்திருந்தது, சில நாளில் மற்றக் கல்லோடு கலந்துவிட்டது. எண்ணெயும் நெய்யும் பழைய பூக்கல்லுக்குப் பகை இல்லை. புதுக் கல்லாக இருந்திருந்தால் கறை நின்றிருக்கும். கோல மாவு ஈரத்துணிக்கு முழுதும் வந்துவிட்டது.

இந்த வாரத்தில் எனக்கு நிஜமாகக் கண் திறந்தது, ஒரு கல்லை மாற்றியபோதுதான். தீபாவளிக்கு முன் இரும்புப் பூண் போட்ட உலக்கை கைநழுவி விழுந்து, தூணுக்கு எதிரே ஒரு கல் நட்சத்திரமாக விரிந்துவிட்டது. மிஞ்சிய 15 கல்லை வைக்கோல் சுற்றிப் பரணில் போட்டிருந்தோம். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு என் முதல் யோசனையே இதுதான்: கட்டாயம் மிச்சம் வாங்கி வையுங்கள். கையால் செய்யும் கல் என்பதால் அடுத்த தடவை போடும் சரக்கில் நிறம் ஒரு சாயலாவது மாறிவிடும்.

கணவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், கொத்து வேலைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் ஆளைக் கூப்பிட வேண்டாம், நாமே செய்வோம் என்றார். உடைந்த கல்லின் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சின்ன உளியால் மெதுவாகக் கொத்தி எடுத்தார். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் பக்கத்துக் கல்லின் விளிம்பு தெறித்துவிடும். அடியில் இருந்த பழைய கலவையைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பும் மணலும் துளி சிமெண்டும் குழைத்துப் போட்டு, ஊறவைத்த கல்லை வைத்து, மரக்கட்டையால் தட்டி மட்டம் பார்த்தார். மூன்று தடவை தூக்கித் தூக்கி வைத்தார். நான் விளக்குப் பிடித்தேன். இடுக்கில் வெள்ளைச் சிமெண்டோடு காவிப்பொடி கலந்து அடைத்தோம். மூன்று நாள் யாரும் மிதிக்காதபடி மேலே பித்தளை அண்டாவைக் கவிழ்த்து வைத்தோம்.

அண்டாவை எடுத்த அன்று, "இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டார். ஒரே நாளில், ஒரே பட்டறையில், ஒரே கையால் செய்த கல். சுற்றி இருந்த எட்டும் ஆழமான சிவப்பில் ஜன்னலைக் காட்டின. நடுவில் இருந்தது சாம்பல் பூத்த செங்கல் போல இருந்தது. கல்லின் வயது ஒன்றுதான், பரணில் இருந்ததற்குக் கால் படவில்லை. பட்டறையில் வாங்கி வந்த அன்று நான் அழகு என்று நினைத்த நிறம் அதுதான் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. இத்தனை வருடம் தரை மாறிக்கொண்டே வந்ததை, தினமும் அதன்மேல் நடந்த நாங்கள் பார்க்கவே இல்லை.

எங்கள் பராமரிப்பு இவ்வளவுதான். தினமும் பெருக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைப்பது. மாதம் ஒரு முறை அரை வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டித் தேங்காய் எண்ணெய். அதற்கு மேல் போனால் வழுக்கும். இந்த வாரமே கணவர் ஆர்வத்தில் எண்ணெயைக் கூடுதலாக விட்டுவிட்டுக் கால் சறுக்கினார், நல்லவேளை தூணைப் பிடித்துக்கொண்டார். புளி, எலுமிச்சை, தயிர் சிந்தினால் கையோடு துடைக்க வேண்டும். கட்டில், பீரோவை இழுக்கவே கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். வாடகைக்கு விடும் வீட்டுக்கு நான் பூக்கல்லைச் சொல்ல மாட்டேன், குளியலறைக்கும் வேண்டாம். செருப்போடு நடக்கும் வீட்டுக்கும் வேண்டாம். கூடத்துக்கும் சாமி வீட்டுக்கும், இருபது வருடம் அங்கேயே இருக்கப் போகிறோம் என்று தெரிந்தவர்களுக்கும் தாராளமாகச் சொல்வேன்.

விடுமுறை நாளையோடு முடிகிறது. புதுக் கல்லுக்கு மூன்று நாளாகத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவுகிறோம், இன்னும் குடித்துக்கொண்டே இருக்கிறது. இன்று காலை காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் வெயில் பட்டையில் உட்காராமல் அந்தக் கல்லின்மேல் வெறுங்காலோடு நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நானும் டம்ளரோடு போய் ஒரு காலை அதில் வைத்துக்கொண்டு நின்றேன்.